படத்தில் தெரிவது அழற்சிதானா?

2021 கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலை தமிழ்நாட்டை உலுக்கியபோது மருத்துவமனை வாசல்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: ‘சி.டி. ஸ்கோர் எவ்வளவு?’ 25க்கு 8 என்றால் வீட்டார் சற்று ஆறுதல் அடைந்தார்கள். 18 என்றால் ஆக்ஸிஜன் படுக்கை தேடி ஓடினார்கள். அந்த எண்ணைக் கணக்கிடும் முறை எளிமையானது. நுரையீரலில் வலப்புறம் மூன்று, இடப்புறம் இரண்டு என ஐந்து மடல்கள் உண்டு. ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு பகுதி வெளுத்துத் தெரிகிறது என்று கதிரியல் மருத்துவர் கண்ணால் மதிப்பிட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். மடலில் முக்கால் பாகத்துக்கு மேல் வெளுத்திருந்தால் 5. ஐந்தையும் கூட்டினால் அதிகபட்சம் 25. நுரையீரலில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்பதற்கான அளவாகவே மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது அளந்தது வேறொன்றை: காற்று இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு பரப்பில் காற்று குறைந்திருக்கிறது என்பதை. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வது மருத்துவத்தில் பழைய பழக்கம். அதற்கு நோயாளிகள் உயிரையே விலையாகக் கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. அழற்சியை அளக்க வேண்டுமென்றால் நுரையீரலின் அடர்த்தியைப் பார்த்தால் போதாது, அங்குள்ள செல்கள் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் வழி இருக்கிறது. ஆனால் அது தரும் எண்ணையும் எளிதில் நம்பிவிடக் கூடாது.

அழற்சி என்பது ஒரு பொருளல்ல, ஒரு நிகழ்வு. கிருமியோ புகையோ வேறொரு காயமோ நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைத் தாக்கும்போது அங்குள்ள மேக்ரோபேஜ் செல்கள் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. அருகிலுள்ள இரத்த நுண்குழாய்களின் சுவர் இளகுகிறது. நீரும் புரதங்களும் கசிகின்றன. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் சுவரைப் பிடித்து நின்று, அதை ஊடுருவி, காற்றறைக்குள் இறங்குகின்றன, கிருமிகளை விழுங்குகின்றன, நச்சு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளையும் நொதிகளையும் கொட்டுகின்றன. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அவை மடிந்து, மேக்ரோபேஜ்களால் அகற்றப்பட்டு, காற்றறை பழையபடி திறந்துகொள்ளும். முடியாவிட்டால் நார்த்திசு வளர்ந்து தழும்பாகும். இந்த ஓட்டத்தின் எந்தக் கட்டத்தில் படம் எடுத்தாலும் படத்தில் வெண்மை தெரியும். செல்கள் மும்முரமாக வேலை செய்யும்போதும் தெரியும். வேலை முடிந்து நீர் வடியாமல் நிற்கும்போதும் தெரியும். எல்லாம் ஓய்ந்து தழும்பு மட்டும் மிஞ்சும்போதும் தெரியும். சமையலறைச் சுவரில் படிந்த கரியை வைத்து அடுப்பு இப்போது எரிகிறதா என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

சி.டி. ஸ்கேனைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. 1971இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தபோது மருத்துவத்தின் பார்வையே மாறியது; 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அக்கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000. நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் ஆரோக்கியமான நுரையீரல் பெரும்பாலும் -850க்கும் -700க்கும் இடையில் இருக்கும். அதாவது அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு காற்று. கொரோனா அறிக்கைகளில் பலரும் படித்த ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்ற சொல் அந்த எண் சற்று மேலேறி, படம் மங்கலாகத் தெரியும் இடத்தைக் குறிக்கிறது. இப்போது ஓரிடத்தில் -500 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சீழாக இருக்கலாம், இரத்தமாக இருக்கலாம், இதயம் பலவீனமானதால் தேங்கிய நீராக இருக்கலாம், நார்த்திசுவாக இருக்கலாம், நோயாளி மூச்சை முழுதாக இழுக்காததால் சுருங்கிக் கிடக்கும் நல்ல நுரையீரலாகக்கூட இருக்கலாம். மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுப்புற நுரையீரல், புவியீர்ப்பினால் முன்புறத்தைவிட எப்போதும் சற்று அடர்த்தியாகவே இருக்கும். நிழலின் வடிவம், இடம், ஓரம் ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்த மருத்துவர் பலவற்றைப் பிரித்தறிவார். ஆனால் அந்த எண் மட்டும் அதைச் சொல்லாது.

கண்ணால் பார்த்து மதிப்பிடுவதை விட்டுவிட்டுக் கணினியிடம் கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். கண்ணின் தடுமாற்றம் பெரிது என்பதில் ஐயமில்லை. 1940களில் அமெரிக்காவில் காசநோய் கண்டறிவதற்கான மார்பு எக்ஸ்-ரே படங்களைத் தேர்ந்த மருத்துவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துச் சோதித்தபோது, ஒருவரோடு ஒருவர் மாறுபட்டது மட்டுமல்ல, அதே படத்தை மறுபடி பார்த்தபோது தம் முந்தைய முடிவோடு தாமே மாறுபட்டதும் வெளிப்பட்டது. கணினி இந்தத் தடுமாற்றத்தைப் போக்கும். ஒரே படத்துக்கு நூறு முறையும் ஒரே விடை தரும். ஆனால் விடை மாறாமல் இருப்பது ஒன்று, கேள்வி சரியாக இருப்பது வேறொன்று. அடர்த்தியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது அடர்த்திதான்.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல என்பதற்கு, காரணம் அறியப்படாத நுரையீரல் நார்த்திசு நோயின் வரலாறே சான்று. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களைத் தாக்கும் இந்நோயில் நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பாகி இறுகுகிறது. நோய் கண்டறியப்பட்ட பிறகு பாதிப்பேர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உயிர் வாழ்ந்தார்கள். இதன் அடியில் ஓயாத அழற்சி இருக்கிறது, அது முற்றித்தான் தழும்பாகிறது என்று பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் நம்பியது. ஆகவே அழற்சியை அடக்கும் மருந்துகள் தரப்பட்டன: ஸ்டீராய்டான பிரெட்னிசோன், நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதயோப்ரின், இவற்றோடு என்-அசிடைல்சிஸ்டீன். இந்த மூன்றும் சேர்ந்த மருத்துவம் பலருக்கும் வழக்கமாகவே தரப்பட்டு வந்தது. அமெரிக்காவில் அதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ‘பாந்தர்’ என்ற ஆய்வு நடந்தபோது இடையிலேயே அந்தப் பிரிவை நிறுத்த நேர்ந்தது. 2012இல் வெளியான முடிவுகளின்படி, மருந்து பெற்ற 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 78 பேரில் இறந்தவர் ஒருவர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எண்ணிக்கை 23க்கு 7. இருக்கிறது என்று நம்பிய அழற்சியை அடக்கப் போய் நோயாளிகளை மருத்துவமே கொன்றது. 2014இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்ற பிர்ஃபெனிடோன், நிண்டெடானிப் ஆகிய இரண்டும் முதன்மையாக நார்த்திசு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் மருந்துகள். அதேநேரம், சி.டி. படத்தில் இதைப் போலவே தோன்றக்கூடிய வேறு சில நுரையீரல் நோய்களில் ஸ்டீராய்டு உண்மையாகவே உயிர் காக்கிறது. படத்தில் ஒத்திருக்கும் இரண்டு நோயாளிகளில் ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகிறது என்றால், படத்துக்கு அப்பால் ஏதோ ஒன்றை அளந்தே தீர வேண்டும்.

அந்த ‘ஏதோ ஒன்று’ செல்களின் பசி. நியூட்ரோபிலுக்கு மைட்டோகாண்ட்ரியா மிகக் குறைவு; தன் ஆற்றலுக்குப் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. கிருமியைக் கண்டு கிளர்ந்தெழுந்தவுடன் அது குளுக்கோஸை உள்ளிழுக்கும் வேகம் பன்மடங்காகிறது. குளுக்கோஸ் மூலக்கூறில் ஓரிடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தினால் கிடைப்பது எஃப்.டி.ஜி. செல் இதைக் குளுக்கோஸ் என்றே எண்ணி உள்ளே கொண்டுபோகிறது. முதல் நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அடுத்த நொதிக்கோ இந்த மாறிய மூலக்கூறு பொருந்துவதில்லை. முன்னேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் அது செல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. எந்தச் செல் அதிகம் உண்கிறதோ அதில் அதிகம் சேர்கிறது. ஃப்ளூரின் அணு சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு மோதி மறைய, இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. நோயாளியைச் சுற்றியுள்ள வளையம் அவற்றை ஒரே கணத்தில் பிடித்து, எங்கிருந்து கிளம்பின என்று கணிக்கிறது. இதுதான் பெட் ஸ்கேன். 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு எஃப்.டி.ஜி. செலுத்தப்பட்டபோது நோக்கம் மூளையை ஆராய்வது. பிறகு அது புற்றுநோய் மருத்துவத்தின் அன்றாடக் கருவியானது. நுரையீரல் அழற்சிக்கு அதைத் திருப்பியதில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1990களின் நடுப்பகுதியில் அவர்கள் முயல்களின் நுரையீரலில் அழற்சியைத் தூண்டி, திசுவை வெட்டி எடுத்துப் பார்த்து, சர்க்கரையை விழுங்கியவை நியூட்ரோபில்கள்தாம் என்று காட்டினார்கள்.

அதே குழு 1997இல் வெளியிட்ட ஆய்வுதான் என் வாதத்துக்கு அடித்தளம். இரண்டு வகை நோயாளிகளிடம் அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே அளந்தார்கள். நோயாளியின் சொந்த வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, இண்டியத்தின் கதிரியக்க அணுவை அடையாளமாக ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தி, அவை நுரையீரலுக்குள் இடம்பெயர்கின்றனவா என்று பார்த்தது ஒன்று. எஃப்.டி.ஜி. மூலம் அங்குள்ள செல்களின் சர்க்கரைப் பசியைப் பார்த்தது மற்றொன்று. ஒரு மடல் முழுதும் நிமோனியா பிடித்தவர்களிடம் சர்க்கரைப் பசி கொழுந்துவிட்டு எரிந்தது. ஆனால் புதிய வெள்ளையணுக்கள் ஏறக்குறைய வரவே இல்லை. படை ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது, இப்போது போர் நடக்கிறது. மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் நோயுள்ளவர்களிடம் நேர்மாறாக இருந்தது: வெள்ளையணுக்கள் வந்துகொண்டே இருந்தன, ஆனால் சர்க்கரைப் பசி குறைவு. இரண்டிலும் மருத்துவர் எழுதுவது ‘அழற்சி’ என்ற ஒரே சொல். சளியில் வெள்ளையணுக்களை எண்ணினால் இரண்டாமவருக்குத்தான் அழற்சி அதிகம் என்று தோன்றும்; பெட் படத்தைப் பார்த்தால் முதலாமவருக்கு. அழற்சியின் அளவு என்று ஒற்றை எண் கிடையாது. வருகை ஒன்று, செயல் ஒன்று, விட்டுச்சென்ற மிச்சம் ஒன்று. சி.டி. அளப்பது மிச்சத்தை. எஃப்.டி.ஜி. அளப்பது செயலை. இதைப் பிரித்துக் காட்டியது அந்தச் சிறிய ஆய்வின் பெரிய கொடை என்பேன்.

செயலும் மிச்சமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நுரையீரல் முழுதும் நீர் கசிந்து மூச்சு முட்டும் கடும் நிலையில், வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் சி.டி. படத்தில் முதுகுப்புறம் வெளுத்தும் முன்புறம் கறுப்பாகவும் இருக்கும். வெளுத்தது நோயுற்ற பகுதி, கறுப்பு நல்ல பகுதி என்று கொள்வது இயல்பு. இத்தாலியரான லூசியானோ கட்டினோனி, இப்படி எஞ்சியிருக்கும் காற்றோட்டமுள்ள பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே இருக்கும் என்று சி.டி. மூலம் காட்டியிருந்தார். 2009இல் ஜாகமோ பெல்லானி முதலானோர் இத்தகைய நோயாளிகளுக்கு எஃப்.டி.ஜி. பெட் எடுத்தபோது, நல்லதென்று தோன்றிய அந்தக் கறுப்புப் பகுதியிலும் அழற்சியின் செயல் உயர்ந்திருந்தது. சிலரிடம் வெளுத்த பகுதியைவிட அங்கேதான் அதிகம். வென்டிலேட்டர் தள்ளும் காற்று முழுவதும் அந்தச் சிறிய பகுதிக்குள் போய் அதை இழுத்து விரிப்பதால் அது மேலும் காயப்படுகிறது என்ற கருத்துக்கு இது பொருந்தி வருகிறது. குறைந்த அளவு காற்றைத் தள்ளினால் உயிரிழப்பு குறையும் என்பது 2000ஆம் ஆண்டிலேயே பெரிய ஆய்வொன்றில் நிறுவப்பட்டிருந்தது: உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதில் 6 தந்தபோது இறப்பு சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. அது ஏன் பலன் தருகிறது என்பதற்கான படம் ஒன்பது ஆண்டு கழித்து வந்தது.

இனி கடினமான பகுதிக்கு வருகிறேன். படத்தில் ஒளிர்வதைக் காண்பது வேறு, அதை அளப்பது வேறு. நுரையீரலைப் போல அளப்பதைச் சிரமமாக்கும் உறுப்பு வேறில்லை. கல்லீரலில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் அது முழுதும் திசு. நுரையீரலில் அதே அளவு எடுத்தால் பெரும்பகுதி காற்று, மீதியில் கணிசமான பங்கு இரத்தம், அதற்கும் பிறகுதான் திசு. சி.டி. எண் -800 உள்ள இடத்தில் காற்றல்லாத பொருள் ஐந்தில் ஒரு பங்கு. -400 உள்ள இடத்தில் ஐந்தில் மூன்று பங்கு. இரண்டாவது இடம் பெட் படத்தில் முதல் இடத்தைப் போல மூன்று மடங்கு ஒளிர்ந்தால், அங்கே அழற்சி மூன்று மடங்கு என்று அறிக்கை எழுதத் தோன்றும். ஆனால் அங்கே பொருளே மூன்று மடங்கு இருக்கிறது. காற்றைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் இரண்டும் சமம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2011இல் இந்தத் திருத்தத்தை நார்த்திசு நோயாளிகளிடம் செய்துபார்த்தபோது, வெவ்வேறு பகுதிகளுக்கிடையே தெரிந்த வேறுபாடுகளின் தோற்றமே மாறியது. சி.டி.யில் இயல்பாகத் தெரியும் பகுதிகள்கூடத் திருத்தத்துக்குப் பின் உயர்ந்த செயலைக் காட்டுகின்றன என்று அவர்களிடமிருந்தே பின்னர் மற்றோர் ஆய்வும் வந்தது. இதற்கு மேல் இரத்தத்தின் பங்கைக் கழிக்க வேண்டும்; ஒரு மணி நேர அளவுக்குத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, இரத்தத்திலிருந்து திசுவுக்குள் எஃப்.டி.ஜி. போய்ச் சிக்கும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். நோயாளி மூச்சை அடக்கிய சில வினாடிகளில் சி.டி. முடிந்துவிடுகிறது, பெட் எடுக்கும் பல நிமிடங்களில் அவர் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறார். ஆகவே உதரவிதானத்துக்கு அருகில் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை.

‘அப்படியானால் திருத்தும் முறையைப் பொறுத்து விடை மாறுகிறது, இதற்குப் பெயர் அளவையா?’ என்று கேட்பது நியாயமே. எந்தத் திருத்தம் சரி என்பது நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே என் பதில். ஒரு பகுதியில் மொத்தம் எவ்வளவு அழற்சிச் சுமை இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் காற்றைக் கழிக்கத் தேவையில்லை. அங்குள்ள ஒவ்வொரு கிராம் திசுவும் எவ்வளவு கொதிப்பில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கழித்தாக வேண்டும். அப்படிக் கழித்த பிறகும், கசிந்து நிற்கும் வெறும் நீர் திசுக் கணக்கில் சேர்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும் அபாயம் உண்டு. ஆகவே முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் அறிக்கைக்கு மதிப்பில்லை. ஒரே நோயாளியை ஒரே கருவியில் ஒரே முறையில் மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடும்போதுதான் இந்த எண் தன் முழு மதிப்பைப் பெறுகிறது. வெவ்வேறு மருத்துவமனைகளில் எடுத்த இரண்டு பேரின் எண்களை ஒப்பிடுவதில் பொருள் மிகக் குறைவு.

அடுத்த மறுப்பு, எஃப்.டி.ஜி. எல்லாவற்றிலும் ஒளிர்கிறது என்பது. புற்றுநோயும் ஒளிரும், காசநோயும் ஒளிரும், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும் ஒளிரும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் இந்தியாவில் இது சிறு சங்கடமல்ல. பெட் படத்தில் ஒளிர்ந்த நிணநீர் முடிச்சைப் புற்று பரவியதாக எண்ணி, திசுச் சோதனையில் அது காசநோயென்று தெரிய வருவது இங்குள்ள மருத்துவர்களுக்குப் பழகிய அனுபவம். ஆனால் என்ன நோய் என்று சொல்லும் வேலையை நான் இதனிடம் கேட்கவில்லை. நோய் எதுவெனத் தெரிந்த பிறகு, அது எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பதே கேள்வி. அதில் காசநோயே அருமையான பாடம் தருகிறது. 2016இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், ஆறு மாத மருத்துவம் முடிந்து சளியில் கிருமியின்றிக் குணமானவர்களுக்குப் பெட் எடுத்தார்கள். கணிசமானோரின் நுரையீரலில் செயலுள்ள அழற்சி இன்னும் இருந்தது; சிலரிடம் புதிய இடங்களில்கூட அது தலைகாட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை. மருந்து கிருமிகளைப் பெருமளவு ஒழிக்க, எஞ்சியதை உடலின் எதிர்ப்பு இன்னும் அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதே இதற்கு அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அழற்சி என்றாலே கெடுதி, அது பூச்சியமானால்தான் குணம் என்ற எண்ணத்தை இந்தப் படங்கள் உடைக்கின்றன. அளவு சரியாக இருந்தாலும் அதன் பொருளைத் தனியே கற்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீட்டைப் பார்த்தால் போதாதா, விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் போதாதா என்பவர்களின் கட்சி நான் நினைத்ததைவிட வலுவானது. 2020இல் பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வு டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டைக் கொரோனா நோயாளிகளுக்குத் தந்து பார்த்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. யாருக்கு மருந்து தர வேண்டும் என்பதை அங்கே பிரித்துக் காட்டியது எந்த ஸ்கேனும் அல்ல, ஆக்ஸிஜன் தேவை என்ற எளிய கேள்வி. 2021 மே மாதத் தொடக்கத்தில் அன்றைய தில்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, லேசான தொற்றுள்ளவர்கள் சி.டி. எடுக்க ஓட வேண்டாம், தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு எடுக்க வேண்டாம் என்று எச்சரித்ததற்குப் பின்னால் இந்தத் தெளிவு இருந்தது. ஆகவே எளிய அளவுகோல் கேள்விக்கு விடை தரும் இடத்தில் பெட் ஸ்கேனுக்கு வேலையில்லை என்று தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சி.ஆர்.பி. உடல் முழுதுக்குமான அளவு. பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும். ஆக்ஸிமீட்டர் நுரையீரலின் செயல்திறனைச் சொல்லும். அது தழும்பினால் குறைந்ததா அழற்சியினால் குறைந்ததா என்று சொல்லாது. நார்த்திசு நோயாளிக்கு ஸ்டீராய்டு தரலாமா என்ற கேள்வியின் முன் இரண்டும் மௌனமாகின்றன. மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்திக் கழுவி எடுக்கும் நீர் அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டுமே பேசும்; அதையும் வாரம்தோறும் எடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் கடுமையான மறுப்பு வேறொன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டெல்ஃபின் சென், டேனியல் ஷுஸ்டர் முதலானோர், ஆரோக்கியமான தன்னார்வலர்களின் நுரையீரலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் பாக்டீரியாவின் நச்சுப் பொருளைச் சிறிதளவு செலுத்தி, அங்கே அழற்சி எழுவதை எஃப்.டி.ஜி. மூலம் அளந்தார்கள். 2009இல் வெளியான அவர்களது ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மருந்தை முன்கூட்டியே உட்கொண்டவர்களிடம் அந்த ஒளிர்வு குறைந்திருந்தது. அப்போது தீவிர சிகிச்சையில் பெரிதும் பேசப்பட்ட, மரபணு நுட்பத்தில் உருவாக்கப்பட்ட புரதம்-சி மருந்தால் அது குறையவில்லை. பின்னர் நடந்தது என்ன? அந்தப் புரத மருந்து, தொற்றினால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நோயாளிகளுக்குப் பலனளிக்கவில்லை என்று தெரிந்து 2011இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஸ்டாட்டின்களோ 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டன: ஒன்றில் ரோசுவாஸ்டாட்டின், மற்றொன்றில் சிம்வாஸ்டாட்டின். கடும் நுரையீரல் பாதிப்புள்ள நோயாளிகளின் உயிரை இரண்டுமே காக்கவில்லை. பெட் படம் நம்பிக்கை தந்த மருந்துவகை நோயாளியிடம் தோற்றது. இதைப் படத்தின் தோல்வி என்று கொள்வோர் உண்டு. நான் அப்படிக் கொள்ளவில்லை. காயம் ஏற்படுமுன் மருந்து தந்தால் நியூட்ரோபில்களின் எழுச்சி தணியுமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு சரியான விடையைத் தந்தது. பல நாள் முற்றிய நோயில், பல உறுப்புகள் தளர்ந்த பின், அந்த எழுச்சியைத் தணிப்பதால் உயிர் பிழைக்குமா என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி. மருந்து தன் இலக்கைத் தொட்டதா என்பதைச் சிலரை வைத்துச் சில வாரங்களில் அறிய இந்த அளவை உதவும். அந்த இலக்கைத் தொடுவது உயிரைக் காக்குமா என்பதற்குப் பெரிய ஆய்வுக்கு மாற்றே இல்லை.

இந்த எச்சரிக்கைக்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் காலியம்-67 என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி இரண்டு மூன்று நாள் கழித்துப் படமெடுத்து, நுரையீரல் அழற்சிக்கு மதிப்பெண் இடும் வழக்கம் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்தே அந்த முறை பரவியது. நார்த்திசு நோயின் போக்கை அந்த மதிப்பெண் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலப்போக்கில் அது வழக்கொழிந்தது. எஃப்.டி.ஜி.க்கும் அந்த முடிவு வராது என்று யாரும் உறுதி தர முடியாது. செலவும் தடைதான்: ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். ஒரு பெட்-சி.டி. தரும் கதிர்வீச்சு, இயற்கைச் சூழலிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகளில் நாம் பெறும் அளவை எட்டக்கூடும். இருமலோடு வரும் எவருக்கும் எடுத்துப் பார்க்க வேண்டிய படமல்ல இது. இரண்டாம் அலையில் சி.டி. ஸ்கோருக்கு நேர்ந்த கதி நாளை ‘பெட் ஸ்கோருக்கு’ நேர்வதை நான் விரும்பவில்லை.

விரும்புவது வேறொன்று. இப்போது எஃப்.டி.ஜி.யோடு, நார்த்திசுவை உருவாக்கும் செல்களின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புதிய பொருள்களும் வந்துள்ளன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவானவை அவற்றில் முன்னோடி. ஒரே நுரையீரலில் அழற்சியின் செயலை ஒன்றாலும் தழும்பின் வளர்ச்சியை மற்றொன்றாலும் தனித்தனியே அளக்கும் வாய்ப்பு இதனால் பிறந்திருக்கிறது. சி.டி. படத்தில் எந்த வகை என்று பிரிக்க முடியாத நார்த்திசு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கம்போல மருத்துவர் தீர்ப்பின்படியும், மறு பாதிக்கு இந்த இரண்டு அளவைகளின்படியும் ஸ்டீராய்டா, தழும்பைத் தடுக்கும் மருந்தா என்று முடிவுசெய்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எந்தப் பாதியில் அதிகம் பேர் உயிரோடு இருக்கிறார்கள், எவருடைய மூச்சுத்திறன் குறையாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பாந்தர் ஆய்வில் இறந்த எட்டுப் பேரைப் போன்றவர்களை முன்கூட்டியே இனங்கண்டு அந்த மாத்திரையிலிருந்து விலக்கி வைக்க இந்த எண்ணால் முடியுமா என்பது அத்தகைய ஆய்வில்தான் தெரியும்.